பிசினுக்கு இருபது ஆண்டு, பொந்துக்கு இருநூறு ஆண்டு: லெட்பீட்டர் பொசம், ஒரு நிகழ்வு ஆய்வு

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1971இல் தனக்கென ஓர் அடையாள விலங்கைத் தேர்ந்தெடுத்தது. கங்காருவையும் கோவாலாவையும் விட்டுவிட்டு, சுமார் 130 கிராம் எடையுள்ள ஒரு குட்டிப் பைப்பாலூட்டிக்கு அந்த மரியாதை போனது. லெட்பீட்டர் பொசம் என்று பெயர். உடல் ஒரு சாணுக்கும் குறைவு. வாலும் ஏறக்குறைய அதே நீளம்தான். நுனிப்பக்கம் போகப் போகத் தடித்திருக்கும். முதுகின் நடுவே ஒரு கறுப்புக் கோடு. இரவில் மட்டும் நடமாட்டம், அதுவும் மரங்களின் மேலேயே. சொந்த மாநிலத்துக்காரர்களிலேயே பெரும்பாலானவர்கள் இதை நேரில் பார்த்திருக்க மாட்டார்கள்.

மெல்போர்ன் நகரத்துக்கு வடகிழக்கே இருக்கும் மலைக்காடுகள்தான் இதன் இருப்பிடம். நீளத்திலோ அகலத்திலோ 100 கிலோமீட்டரைத் தொடாத அந்தப் பரப்புக்குள் ஏறத்தாழ மொத்தக் கூட்டமும் அடங்கிவிடுகிறது. 2015இல் ஆஸ்திரேலிய அரசு இதை 'மிக அருகிய' இனங்களின் பட்டியலில் சேர்த்தது. 2019இல் மறுபடியும் ஆராய்ந்து, பட்டியலில் அப்படியே இருக்கட்டும் என்று முடிவு செய்தார்கள்.

இதில் புதிர் என்னவென்றால், அங்கே காடு இருக்கிறது. விமானத்திலிருந்து பார்த்தால் மலை முழுக்கப் பச்சைதான். பொசம் சாப்பிடும் மரங்களும் தாராளமாகவே முளைக்கின்றன. அப்புறம் ஏன் குறைகிறது? இதன் சாப்பாடு ஒரு வயதுக் காட்டிலும் படுக்கை வேறொரு வயதுக் காட்டிலும் இருக்கிறது என்பதுதான் என் வாசிப்பு. இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்து வந்த ஒரு காலம் இருந்தது. அது வனத்துறையின் திட்டத்தால் வந்ததில்லை, ஒரு பெரும் தீயால் வந்தது. அந்தக் காலம் இப்போது முடிந்துகொண்டிருக்கிறது.

அழிந்ததாக எழுதப்பட்டு, திரும்பி வந்தது

1867இல் பிரெடெரிக் மெக்காய் என்ற அறிஞர் இந்த விலங்கை முதலில் விவரித்து, மெல்போர்ன் அருங்காட்சியகத்தில் விலங்குகளைப் பாடம் செய்துவந்த ஜான் லெட்பீட்டரின் பெயரை அதற்கு வைத்தார். அவர் கைக்கு வந்த மாதிரிகள் மலையிலிருந்து வந்தவை அல்ல. மெல்போர்னுக்குத் தென்கிழக்கே பாஸ் ஆற்றை ஒட்டிய தாழ்நிலக் காட்டில் பிடிக்கப்பட்டவை. 1909 வரை மொத்தமே விரல்விட்டு எண்ணக்கூடிய மாதிரிகள்தான் சேர்ந்தன. அந்தப் பகுதியின் சதுப்பு நிலங்களை வடித்து விவசாயத்துக்குத் திருப்பியதும், விலங்கும் போய்விட்டது என்று எல்லோரும் நம்பிவிட்டார்கள்.

1961 ஏப்ரல் 3ஆம் தேதி இரவு, மேரிஸ்வில் ஊருக்குப் பக்கத்தில் காம்பர்வில் என்ற இடத்தில், எரிக் வில்கின்சன் என்ற இயற்கை ஆர்வலர் விளக்கு வெளிச்சத்தில் ஒரு சின்ன விலங்கைப் பார்த்தார். தோற்றம் சுகர் கிளைடர் போல இருந்தது. கிளைடர்களுக்கு முன்னங்காலுக்கும் பின்னங்காலுக்கும் நடுவே தோல் மடிப்பு இருக்கும், அதை விரித்து மரம் விட்டு மரம் மிதந்து போகும். இதற்கு அந்த மடிப்பு இல்லை. ஐம்பது வருடங்களாக யார் கண்ணிலும் படாத லெட்பீட்டர் பொசம்தான் அது.

தாழ்நிலச் சதுப்பில் காணாமல் போன விலங்கு உயரமான மலைக்காட்டில் எப்படிக் கிடைத்தது, அதுவும் ஏன் 1961 வாக்கில் என்று கேட்டால், அதன் உணவையும் பொந்தையும் பற்றிப் பேசியாக வேண்டும்.

சீகைப் பிசினும் பட்டைக்குள் ஒளியும் பூச்சிகளும்

யூகலிப்டஸ் காட்டில் வாழும் விலங்கு என்றதும் கோவாலா மாதிரி தைல மர இலையைத் தின்னும் என்று நினைத்துவிடுவோம். லெட்பீட்டர் பொசம் இலையைத் தொடுவதில்லை. அதன் பிரதான உணவு பிசின்.

பிசின் தருவது வாட்டில் மரங்கள், முக்கியமாக சில்வர் வாட்டில். ஊட்டிப் பக்கம் போனவர்களுக்கு இந்த மரம் புதிதல்ல. நீலகிரியில் சீகை என்று சொல்கிறார்களே, அந்த ஆஸ்திரேலிய மரக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர்கள் கொண்டுவந்து நட்டார்கள். இப்போது சோலைக்காட்டையும் புல்வெளியையும் விழுங்கிவிட்டது என்று நீதிமன்றம் வரை போய் அகற்றிக்கொண்டிருக்கிறோம். நமக்குத் தொல்லையாகிப்போன அந்த மரம், அதன் பிறந்த மண்ணில் ஒரு விலங்கின் குடும்பத்துக்கே சோறு போடுகிறது.

நம் ஊர்க் கருவேல மரத்தில் அடிபட்ட இடத்தில் பிசின் முத்து முத்தாகக் கட்டி நிற்குமே, வாட்டிலிலும் அப்படித்தான். பூச்சி துளைத்த இடத்தில் தானாகவும் கசியும். பொசம் அதற்காகக் காத்திருப்பதில்லை. கீழ்த்தாடையின் முன்பற்களால் பட்டையைச் சுரண்டிக் காயப்படுத்திவிட்டுப் போகிறது. ஊறி வந்த பிறகு திரும்ப வந்து சாப்பிடுகிறது. ஒரு குடும்பம் தொடர்ந்து பயன்படுத்தும் மரங்களில் பழைய வடுவும் புதிய வடுவுமாக வரிசையாகத் தெரியும். இந்தப் பிசின் சாதாரணச் சர்க்கரை இல்லை. நீண்ட சங்கிலிகளாகக் கோத்த சிக்கலான மாவுப்பொருள். குடலில் உள்ள நுண்ணுயிர்கள் நொதிக்க வைத்துத்தான் அதிலிருந்து சத்தை எடுக்க முடியும்.

இதனுடன் இன்னும் இரண்டு தித்திப்புகள் உண்டு. தைல மரத்தின் இலையிலும் கிளையிலும் காயம் பட்ட இடத்தில் சாறு வழிந்து வெள்ளையாகக் காய்ந்துபோகும் சர்க்கரைப் படிவு ஒன்று. சாறு உறிஞ்சும் சிறு பூச்சிகள் கழிவாக வெளியேற்றும் இனிப்பான திரவம் இன்னொன்று. 1980களில் ஆண்ட்ரூ ஸ்மித் என்ற ஆய்வாளர் கணக்கிட்டபோது, பொசத்துக்குக் கிடைக்கும் ஆற்றலில் ஐந்தில் நான்கு பங்கு இந்தக் கசிவுகளிலிருந்தே வருகிறது என்று தெரிந்தது.

ஆனால் பிசினில் புரதம் கிடையாது என்றே சொல்லலாம். குட்டி போட்டுப் பால் கொடுக்க அது போதாது. அந்தக் குறையைத் தீர்ப்பவை பூச்சிகள்: மர வெட்டுக்கிளிகள், வண்டுகள், அந்துப்பூச்சிகள், கூடவே சிலந்திகளும். அவை இருக்கும் இடம்தான் சுவாரசியம். மவுண்டன் ஆஷ் என்னும் ராட்சதத் தைல மரம் தன் மேல்பட்டையை நீள நீள நாடாக்களாக உரித்துப் போடும். உரிந்த பட்டை உடனே விழுந்துவிடாது; பல மீட்டர் நீளத்துக்குக் கிளைக்கவைகளில் சுருண்டு தொங்கும். பகலில் மர வெட்டுக்கிளிகள் அந்தச் சுருளுக்குள் ஒளிந்திருக்கும். இரவில் பொசம் அந்த நாடாக்களைப் பிடித்துக்கொண்டு உள்ளே துழாவும். ஆக, ஒரே மரக்கூட்டத்தின் கீழடுக்கில் மாவுச்சத்து, மேலடுக்கில் புரதம்.

உணவு இப்படி அமைந்ததால் வாழ்க்கை முறையும் அதற்கேற்ப வந்திருக்கிறது. பிசின் மரங்கள் பனிக்காலத்திலும் கைவிடாது, எங்கே இருக்கிறது என்பதும் தெரியும். எனவே காவல் காப்பதில் அர்த்தம் இருக்கிறது. ஒரு குடும்பம் ஒன்று முதல் மூன்று ஹெக்டேர் வரை தன் எல்லையாக வைத்துக்கொள்கிறது. குடும்பத்தில் பன்னிரண்டு பேர் வரை இருக்கலாம், ஆனால் குட்டி போடுவது ஒரே ஒரு ஜோடிதான். அதிகாரம் பெண்ணிடம். அடுத்த பெண்ணை எல்லைக்குள் விடமாட்டாள். சொந்த மகளையே பத்து மாத வயதில் விரட்டிவிடுவாள். மகன்கள் இன்னும் சில மாதங்கள் கூடவே இருந்துகொள்ளலாம். விரட்டப்பட்ட இளம் பெண் வேறு இடம் தேடிப் போகும் வழியில் ஆந்தைக்கு இரையாவது உண்டு. அதனால் வளர்ந்த விலங்குகளில் ஆண்களே அதிகம். புதுக் குடும்பம் தொடங்க வேண்டுமானால், அந்த மகளுக்குப் பிசினும் பொந்தும் இரண்டும் உள்ள, வேறு யாரும் பிடிக்காத நிலம் கிடைக்க வேண்டும். இந்த நிபந்தனையில்தான் எல்லாம் முட்டிக்கொள்கிறது.

மரங்கொத்தி இல்லாத கண்டம்

பகல் முழுவதும் குடும்பமே ஒரே கூட்டில் தூங்கும். மரத்தின் உள்ளே பெரிய பொந்து, அதற்குள் மெல்லிய நாராகக் கிழித்த பட்டையைப் பந்து போலச் சுற்றிச் செய்த கூடு. வாசல் தரையிலிருந்து 6 மீட்டர் முதல் 30 மீட்டர் உயரம் வரை எங்கு வேண்டுமானாலும் இருக்கும். இந்த மலைகளில் குளிர்காலத்தில் பனி பொழியும். 130 கிராம் உடம்பு வெப்பத்தைச் சீக்கிரம் இழந்துவிடும். பட்டைக்கூடும், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு படுப்பதும், சுற்றிலும் உள்ள தடித்த மரச்சுவரும் சேர்ந்துதான் அதைக் காப்பாற்றுகின்றன. இங்கே பொந்து என்பது ஒளிந்துகொள்ளும் இடம் மட்டும் இல்லை. இரவில் தேடிய சக்தி பகலில் குளிரில் கரையாமல் இருக்க வேண்டுமே, அதற்கும் பொந்துதான் வழி.

நம் காடுகளில் பொந்து வேண்டுமென்றால் மரங்கொத்தி இருக்கிறது. அது தோண்டிவிட்டுப் போன பொந்தில் கிளியும் மைனாவும் அணிலும் குடியேறும். ஆஸ்திரேலியாவில் மரங்கொத்தியே கிடையாது. காற்றில் கிளை முறிய வேண்டும், முறிந்த இடத்தில் பூஞ்சை பிடிக்க வேண்டும், கரையான் உள்ளே அரிக்க வேண்டும், சின்னத் தீ ஒன்று அடிமரத்தைக் குடைய வேண்டும். இதெல்லாம் தானாக நடந்து முடிய, மவுண்டன் ஆஷில் பொந்து விழத் தொடங்கவே சுமார் 120 ஆண்டு ஆகும். பொசம் குடும்பத்துக்குத் தோதான பெரிய பொந்துக்கு 190 ஆண்டோ அதற்கு மேலோ ஆகும்.

ஒரு பொந்து போதுமா என்றால், போதாது. ஒரே குடும்பம் அவ்வப்போது படுக்கையை மாற்றிக்கொண்டே இருக்கும். அதன் எல்லைக்குள் பொந்து மரங்கள் பல இருந்தாக வேண்டும். எந்த மாதிரி மரத்தை விரும்புகிறது என்பதையும் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தின் டேவிட் லிண்டன்மேயர் குழு 1983 முதல் பார்த்து எழுதிவந்திருக்கிறது. அதே காட்டில் வாழும் பெரிய கிளைடர் நெட்டையான உயிர் மரத்தைத் தேடும். லெட்பீட்டர் பொசமோ தலை முறிந்து குட்டையான, அடி பருத்த, ஓட்டைகள் நிறைந்த மரத்தை எடுத்துக்கொள்ளும். பெரும்பாலும் அது பட்ட மரம். அதைச் சுற்றி அடர்ந்த செடிகொடியும் இளமரங்களும் இருக்க வேண்டும். காரணம் எளிது. இதற்கு மிதந்து போகத் தோல் மடிப்பு இல்லை. தரையில் இறங்கவும் விரும்பாது. பொந்திலிருந்து வெளியே வந்ததும் கிளைக்குக் கிளை தாவியே வாட்டிலைப் போய்ச் சேர வேண்டும். வெட்டவெளியில் தனியாக நிற்கும் பட்ட மரத்தில் எத்தனை அருமையான பொந்து இருந்தாலும் இதற்கு அது பயன்படாது.

இதைக் கண்டுபிடித்த முறை ரொம்பச் சாதாரணமானது. சூரியன் மறையும் முன் ஒரு நிலப்பகுதியில் உள்ள ஒவ்வொரு பொந்து மரத்தின் கீழும் ஓர் ஆள் உட்கார்ந்துகொள்வார், பெரும்பாலும் தன்னார்வலர்கள். மங்கும் வானத்தைப் பின்னணியாக வைத்துக்கொண்டு மரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். இருட்டியதும் பொசங்கள் ஒவ்வொன்றாக வாசலில் தலை நீட்டி வெளியே ஓடும். எந்த மரத்திலிருந்து எத்தனை, எந்த இனம் என்று எண்ணிக்கொள்ள வேண்டியதுதான். ஒரே நேரத்தில் எல்லா மரத்துக்கும் ஆள் வேண்டும் என்பதால், இது கருவியைவிட ஆள்பலத்தை நம்பிய வேலை.

1939இல் நடந்தது

1939 ஜனவரி 13, விக்டோரியாவில் 'கறுப்பு வெள்ளி'. சில நாட்களாகவே பரவிக்கொண்டிருந்த தீ அன்று உச்சத்துக்குப் போனது. அந்தத் தீயில் மொத்தம் 71 பேர் இறந்தார்கள், மாநிலத்தில் ஏறத்தாழ 20 லட்சம் ஹெக்டேர் எரிந்தது. மலைகளின் ஆஷ் காடு பெருமளவு கருகியது.

தைல மரங்களில் பலவும் தீக்குப் பிறகு தண்டிலிருந்தே துளிர்க்கும். மவுண்டன் ஆஷ் அந்த வகை இல்லை. உச்சி வரை கருகினால் செத்துவிடும். செத்தபின் தன் விதைகளைச் சாம்பல் மேல் கொட்டிவிடும். அந்த விதைகளிலிருந்து புதுக் காடு ஒரே வயதில் எழும். வாட்டிலுக்கோ விதைகள் மண்ணுக்குள் பல்லாண்டுகளாகத் தூங்கிக்கொண்டிருக்கும். தீயின் சூடுதான் அவற்றின் கெட்டியான ஓட்டைப் பிளந்து முளைக்க வைக்கும். (நீலகிரியில் சீகையை வெட்டியும் எரித்தும் ஒழிக்க முடியாமல் திண்டாடுவது ஏன் என்பதும் இதிலேயே விளங்கும்.)

இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். 1939க்கு முன் அங்கே முதிர்ந்த ராட்சத மரங்கள் இருந்தன. தீ அவற்றைக் கொன்றது, ஆனால் பலவற்றைச் சாய்க்கவில்லை. பொந்துகளோடு அப்படியே பட்ட மரங்களாக நின்றன. அவற்றின் காலடியில் வாட்டில் புதர் போல முளைத்து, பதினைந்து இருபது ஆண்டுகளில் பிசின் வடிக்கும் மரமாயிற்று. மேலே பழைய காட்டின் பொந்து, கீழே புதிய காட்டின் பிசின். 1961இல் வில்கின்சன் விளக்கை உயர்த்தியது இந்தச் சூழலுக்குள்தான். 1980களில் எண்ணிக்கை உச்சத்தைத் தொட்டதாகக் கணித்ததற்கும் காரணம் இதுவே.

இந்த இடத்தில் ஒரு தவறான முடிவுக்குப் போய்விடக் கூடாது. தீ பொசத்துக்கு நல்லது என்று சொல்பவர்கள் உண்டு. 1939 தீ நல்லதாகத் தெரிந்ததற்குக் காரணம், அதற்கு முன் இரண்டு மூன்று நூற்றாண்டுகள் காடு சும்மா விடப்பட்டிருந்ததுதான். பொந்தைக் கொடுத்தது அந்தக் காலம். தீ அதைச் செலவுக்கு எடுத்துக் கொடுத்தது. பட்ட மரம் என்றென்றும் நிற்காது. உளுத்துப்போய், ஐம்பது அறுபது ஆண்டுகளில் ஒவ்வொன்றாக விழும். நிலையான வீடு வேண்டுமென்றால் பல வயது மரங்கள் கலந்த முதிர்ந்த காடு வேண்டும். அங்கே உயிருள்ள கிழ மரத்திலேயே பொந்து இருக்கும், மரம் விழுந்து திறந்த இடைவெளிகளில் வாட்டில் மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். இன்று அந்தப் பகுதியின் மவுண்டன் ஆஷ் காட்டில் அப்படிப்பட்ட முதிர்காடு சுமார் 1 சதவீதம்தான் மிச்சம்.

மரம் வெட்டும் கணக்கு

தீக்குப் பிறகு எரிந்து நின்ற மரங்களைப் பல ஆண்டுகளுக்கு வெட்டி எடுத்தார்கள். நிற்கிற மரம் வீணாகப் போகிறதே என்பதுதான் எண்ணம். பொசத்தின் கோணத்தில் பார்த்தால் வீணாகாத மரங்களே அவைதான்.

பின்னர் வந்தது மொத்த வெட்டு முறை. ஒரு துண்டு நிலத்தில் உள்ள மரங்களை எல்லாம் வெட்டி, எஞ்சிய கொப்பும் கிளையும் கொளுத்தி, சாம்பலில் விதை தூவி, சுமார் 80 ஆண்டு கழித்து மறுபடி வெட்டுவது. பலகைக்கும் காகிதக் கூழுக்கும் இந்த மரம் போயிற்று. வெட்டிய இடத்தில் வாட்டில் ஜோராக முளைக்கும், அதனால் மேலோட்டமாகப் பார்த்தால் பொசத்துக்கு உணவுக் குறை இல்லை. ஆனால் 80 ஆண்டுச் சுழற்சியில் 120 ஆண்டுப் பொந்து எப்படி வரும்? விலங்குகளுக்கென்று விட்டுவைத்த பழைய மரங்களிலும் பல, கொப்பு கொளுத்தும் தீயிலேயே கருகி விழுந்தன.

கணக்கெடுப்பில் இது தெளிவாகத் தெரிந்தது. 1998இல் ஹெக்டேருக்கு சராசரியாக ஐந்து பொந்து மரங்கள் இருந்த ஆய்வு நிலங்களில், 2011இல் நான்குக்கும் கீழே வந்துவிட்டது. இதே போக்கில் போனால் 2067 வாக்கில் ஹெக்டேருக்குச் சராசரியாக ஒன்றுக்கும் கீழே போய்விடும் என்று லிண்டன்மேயர் குழுவினர் கணித்திருக்கிறார்கள்.

நடுவில் 2009 பிப்ரவரி 7, 'கறுப்புச் சனி'. 173 உயிர்கள் போயின, மேரிஸ்வில் ஊரே ஏறக்குறைய இல்லாமல் போனது. பொசம் வாழ்ந்த காப்புக் காடுகளில் கணிசமான பகுதி எரிந்தது. லேக் மவுண்டன் என்ற பனிமலைப் பகுதியில் சில நூறாக இருந்தவை ஒற்றை இலக்கத்துக்கு வந்தன. எரிந்த நிலங்களில் ஆய்வுக் குழு தேடியபோது பொசமே கிடைக்கவில்லை. 1939இல் நடந்த மாதிரி இம்முறை நடக்காததன் காரணம் வெளிப்படை. 1939இல் எரிந்தது பெரும்பாலும் முதிர்காடு. அது பொந்துள்ள பட்ட மரங்களை விட்டுப்போனது. 2009இல் எரிந்தவற்றில் பெரும்பகுதி எழுபது வயது இளங்காடு. அது விட்டுப்போனவை பொந்தில்லாத கம்பங்கள். மிச்சமிருந்த உளுத்த பட்ட மரங்கள் நன்றாகக் காய்ந்த விறகாக எரிந்தே தீர்ந்துவிட்டன. 2009க்குப் பிறகு முளைத்த வாட்டில் இப்போது பிசின் வடிக்கும் பருவத்தில் இருக்கிறது. தின்ன வருவதற்குத்தான் பக்கத்தில் குடியில்லை.

வட்டம் போட்டுக் காத்தது

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. காப்புக் காட்டை வரையறுத்தபோது, உயிருள்ள முதிர்மரம் நிறைந்த இடங்களை ஒரு வகையாகவும், பட்ட மரமும் வாட்டிலும் சேர்ந்துள்ள இடங்களை இன்னொரு வகையாகவும் பிரித்தார்கள். பொசத்தின் வாழ்வைப் புரிந்துகொண்டு எழுதிய விதி அது என்பதில் சந்தேகமில்லை. கோளாறு இரண்டாவது வகையில்தான். பட்ட மரம் விழுந்ததும் அந்த இடம் வரையறையிலிருந்து நழுவிவிடும். விலங்குக்கு இன்று எது தேவை என்று பார்த்தார்கள். அறுபது ஆண்டு கழித்து அது எங்கே தூங்கும் என்று பார்க்கவில்லை.

2014இல் வந்த ஏற்பாடு இன்னும் எளிமையானது. பொசம் இருப்பதாக உறுதியான ஒவ்வொரு இடத்தைச் சுற்றியும் 200 மீட்டர் ஆரத்துக்கு வெட்டக் கூடாது. அதாவது சுமார் 12.6 ஹெக்டேர் வட்டம். இதன் பக்கவிளைவாகத் தேடுதல் சூடுபிடித்தது. மரமேறும் வல்லுநர்கள் இருபது முப்பது மீட்டர் உயரத்தில் தானியங்கிக் கேமராவும் தித்திப்பான இரையும் கட்டிவைத்தார்கள். நூற்றுக்கணக்கான புதிய குடும்பங்கள் பதிவாயின. உடனே மரத்தொழில் தரப்பில், இத்தனை இருக்கும்போது அருகிய இனம் என்று எப்படிச் சொல்லலாம் என்று கேட்டார்கள். கேள்வியில் நியாயம் இருப்பது போலத் தோன்றும். ஆனால் அதிகமாகத் தேடினால் அதிகமாகக் கிடைக்கும் என்பது வேறு, விலங்கு பெருகுகிறது என்பது வேறு. கேமரா சொல்வது இன்று யார் இருக்கிறார்கள் என்பதை. அவர்கள் படுக்கும் மரம் எந்த வருடம் விழும் என்பதை அது சொல்லாது. 2019 மறு ஆய்விலும் இந்தத் திசையில்தான் முடிவு வந்தது.

வழக்கும் நடந்தது. 2020 மே மாதம் கூட்டாட்சி நீதிமன்றத்தின் நீதிபதி டெப்ரா மோர்ட்டிமர், அரசின் மரவணிக நிறுவனமான விக்ஃபாரஸ்ட்ஸ் 66 வெட்டிடங்களில் சட்டத்தை மீறியது அல்லது மீறவிருந்தது என்று பொசத்தின் பக்கம் தீர்ப்பளித்தார். அடுத்த ஆண்டு முழு அமர்வு அதை மாற்றியது. மாநில வன ஒப்பந்தத்தின் கீழ் வரும் மரவெட்டுக்குத் தேசியச் சூழல் சட்டத்திலிருந்து கிடைக்கும் விலக்கு, விதிமீறல் இருந்தாலும் செல்லும் என்பது அமர்வின் வாசிப்பு. உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் வேறு வழக்குகளும் நஷ்டமும் அரசை நெருக்கின. 2030இல் நிறுத்துவதாகச் சொல்லியிருந்த இயற்கைக் காட்டு மரவெட்டை 2024 ஜனவரி 1 முதலே நிறுத்துவதாக 2023 மே மாதம் விக்டோரியா அறிவித்தது.

தாழ்நிலக் கிளை

மலைக்காட்டை மட்டும் வைத்து எழுதினால் படம் முழுமையாகாது. 1986இல் யெல்லிங்போ என்ற தாழ்நிலச் சதுப்புக்காட்டில் தனிக் கூட்டம் ஒன்று கிடைத்தது. மெக்காய் பார்த்த மாதிரிகள் வந்த வகைச் சூழலுக்கு நெருக்கமான கடைசி எச்சம். அங்கே மவுண்டன் ஆஷ் கிடையாது. ஈர நிலத்தில் நிற்கும் வேறொரு தைல மரம். பெரிய பொந்துகளும் இல்லை. அதனால் மரப்பெட்டிகளைக் கட்டிவிட்டபோது, மலைக்காட்டில் அதிகம் சீந்தாத பெட்டிகளை இங்கே பொசங்கள் ஆர்வமாக எடுத்துக்கொண்டன. ஆனால் நீரோட்டம் மாறி மரங்கள் நோஞ்சானாகி, நூறு வாக்கில் இருந்த கூட்டம் 40க்கும் கீழே இறங்கியது. மலைக் கூட்டத்திலிருந்து மரபணுவிலேயே பிரிந்துபோன கூட்டம் அது. சிறு கூட்டத்துக்குள்ளேயே இணைந்ததால் குட்டிகளின் வலிமையும் குறைந்தது. பெட்டி மட்டும் கொடுத்தால் போதாது என்பதற்கு யெல்லிங்போ சாட்சி. அங்கே குறைந்தது கூரை இல்லை, சுற்றியிருந்த காட்டின் தெம்பு.

எதிர்பாராத திசையிலிருந்து நல்ல செய்தியும் ஒன்று வந்தது. 2024இல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் கோசியஸ்கோ தேசியப் பூங்காவில் வைத்த கேமராவில் லெட்பீட்டர் பொசம் சிக்கியது. அந்த மாநிலத்தில் பழங்காலப் புதைபடிவமாக மட்டுமே தெரிந்திருந்த விலங்கு.

ரம்பத்தால் குடைந்த பொந்து

மரவெட்டு நின்றுவிட்டதால் பொந்து உடனே வந்துவிடாது. 1939இல் முளைத்த மரங்களுக்கு இப்போது எண்பத்தைந்து வயதைத் தாண்டியிருக்கிறது. அவை 120 ஆண்டைத் தொடுவது 2059இல்; 190ஐத் தொடுவது 2129இல். அதற்குள் ஒரு பெருந்தீ வந்தால் கணக்கு மீண்டும் பூஜ்யத்திலிருந்து.

இந்த இடைவெளியை அடைக்க முதலில் முயன்றது பலகைப் பெட்டிகள். மலைக்காட்டில் அவை பெரிதாகச் சோபிக்கவில்லை. பலகைச் சுவர் மெல்லியது, குளிர் தாங்காது. ஈரத்தில் உளுத்துச் சில ஆண்டுகளில் விழுந்துவிடும். தேனீக்கள் குடியேறுவதும் உண்டு. அடுத்த யோசனை மரத்தையே குடைவது. மரமேறும் தொழிலாளி கயிற்றில் தொங்கியபடி, உயிருள்ள 1939 மரம் ஒன்றின் தண்டில் சங்கிலி ரம்பத்தால் ஓர் அறையைக் குடைவார். முன்பக்கத்தை மரத்துண்டாலேயே மூடி, பொசம் நுழையும் அளவுக்கு மட்டும் ஒரு துளை விடுவார். சுற்றிலும் தடித்த ஈர மரம் இருப்பதால் உள்ளே வெப்பநிலை அதிகம் ஏறி இறங்காது. இயற்கைப் பொந்தின் இந்த ஒரு குணத்தைப் பெட்டியால் கொடுக்க முடியவில்லை, ரம்பத்தால் முடிந்தது. குடைந்து சில மாதங்களிலேயே உள்ளே பட்டைநார்க் கூடு கட்டப்பட்டிருப்பதைச் சோதனையில் பார்த்தார்கள்.

எனக்கு இந்த முறை பிடித்திருக்கிறது, ஆனால் இதை மட்டும் நம்பியிருக்க மாட்டேன். ஒவ்வொரு பொந்துக்கும் பயிற்சி பெற்ற ஆள் உயரத்தில் ஏறியாக வேண்டும். மரம் தன் காயத்தை ஆற்றப் பார்க்கும், துளை மெல்ல மூடும், திரும்பப் போய்ச் செதுக்க வேண்டும். ஒரு குடும்பத்துக்கே பல பொந்துகள் தேவை என்பதையும் கூட்டிக்கொள்ளுங்கள். குடைய வேண்டிய இடத்தைத் தேர்வதிலும் சூட்சுமம் இருக்கிறது: வாட்டில் இப்போது பிசின் பருவத்தில் இருக்க வேண்டும், பொந்திலிருந்து அதற்குத் தாவிப் போகக் கிளைப்பாதை இருக்க வேண்டும், விரட்டப்பட்ட மகள் வந்து சேரும் தூரத்தில் பழைய குடும்பம் ஒன்றும் இருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால், 2009இல் எரிந்த நிலத்தின் ஓரங்கள்தான் முதலில் ரம்பம் போக வேண்டிய இடம். உள்ளே பதினைந்து வயது வாட்டில், எல்லையில் எரியாமல் தப்பிய 1939 மரங்கள். பிசின் ஏற்கெனவே வந்துவிட்டது. 2059 வரை பொந்தை மனிதர்கள்தான் கொடுத்தாக வேண்டும், அதற்கான பராமரிப்புச் செலவையும் இன்றே வரவுசெலவுத் திட்டத்தில் எழுதிவைக்க வேண்டும்.